சோபாவில் ஓடும் பம்ப்

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிப் போன பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாணவன்தான் மிச்சம் இருந்தான். அது நான்தான். வயது ஐம்பதை நெருங்குகிறது, முன்தலை காலி, ஆனாலும் கடைசி பெஞ்ச் புத்தி மட்டும் போகவில்லை.

டீச்சர் என் மனைவி. கல்யாணத்துக்கு முன் பள்ளியில் உயிரியல் எடுத்தவள். மகள் பிறந்ததும் விட்டது, விட்டதுதான். சேலையூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கு உயிரியல் டீச்சர் தேவை என்று சர்ச்சில் யாரோ சொல்ல, துணிந்து விண்ணப்பித்துவிட்டாள். டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லித் தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். செல் சவ்வைத் தாண்டிப் பொருட்கள் எப்படிப் போய் வருகின்றன, அதற்குச் சக்தி எங்கே செலவாகிறது.

"இத்தனை வருஷம் கழிச்சுப் பசங்க முன்னாடி நின்னா வாயே திறக்காதோன்னு பயமா இருக்குங்க. இதுல சொதப்பினா இனிமே எங்கயும் அப்ளை பண்ண மாட்டேன்," என்றாள். அவள் ஒன்றைச் செய்ய மாட்டேன் என்றால் செய்யவே மாட்டாள். எனக்குத் தெரியும்.

ஆகவே வீட்டில் தினமும் ஒத்திகை. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. பம்ப், மோட்டார், வால்வு என்று பகலெல்லாம் கழித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கியபடி வந்து சேருவேன். காபியைக் கையில் கொடுத்து சோபாவில் உட்கார வைப்பாள். ஃப்ரிட்ஜ் கதவுதான் போர்டு. அதில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டாள்.

"இது செல். சுத்தி இருக்கிறது சவ்வு. ஆக்சிஜன் மாதிரி சின்னச் சமாச்சாரம் எல்லாம், ஜாஸ்தியா இருக்கிற பக்கத்துலேருந்து கம்மியா இருக்கிற பக்கத்துக்குத் தானாவே போயிடும். செல்லுக்கு நயா பைசா செலவு இல்லை."

"தண்ணி, மிஸ்?"

"அதுவும் தானாத்தான். எந்தப் பக்கம் உப்போ சர்க்கரையோ ஜாஸ்தியா கரைஞ்சிருக்கோ, அந்தப் பக்கம் போகும். அதுதான் ஆஸ்மாசிஸ். ஆனா சோடியத்தை வெளிய தள்ளணும், பொட்டாசியத்தை உள்ள இழுக்கணும். ரெண்டுமே கம்மியா இருக்கிற இடத்துலேருந்து ஜாஸ்தியா இருக்கிற இடத்துக்கு. தானா போகாது. அதுக்கு சவ்வுல ஒரு பம்ப் இருக்கு. ஏ.டி.பி.ன்னு ஒரு மூலக்கூறு, அதுதான் கரன்ட். ஒண்ணு செலவழிச்சா மூணு சோடியம் வெளிய, ரெண்டு பொட்டாசியம் உள்ள."

பம்ப் என்றதும் என் தூக்கம் கலைந்தது. கை தூக்கினேன்.

"இந்த பம்ப் எவ்வளவு நேரம் ஓடும், மிஸ்?"

"நாள் பூரா. நீங்க குறட்டை விடும்போதும்."

"அப்படின்னா எங்கயோ லீக் இருக்கு. நம்ம வீட்டு மோட்டார் நிக்காம ஓடினா என்ன பண்ணுவோம்? முதல்ல ஓட்டையைத் தேடி அடைங்க. கரன்ட் எவ்வளவு மிச்சம்!"

அவள் மார்க்கரை மூடினாள். வெளியே நிற்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"லீக் இருக்கு. பொட்டாசியம் அது பாட்டுக்குக் கசிஞ்சு வெளிய வரும், சோடியம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வரும். அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிட்டா நரம்பு வேலை செய்யாது. பெரிய மேதாவி மாதிரி கை தூக்கினீங்களே, அதுகூட முடியாது."

கசிவைக் கண்டாலே ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் நான். ஒரு பக்கம் கசியவிட்டு, மறுபக்கம் நிற்காமல் இறைக்கும் ஏற்பாட்டைக் கம்பெனியில் செய்தேன் என்றால் மேனேஜர் அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட கோடிக்கணக்கான பம்புகளைச் சுமந்துகொண்டுதான் தினமும் அவருக்கு குட் மார்னிங் சொல்லியிருக்கிறேன்.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். "சும்மா படுத்திருக்கிற ஆளுகூட, செலவழிக்கிற சக்தியில கணிசமான பங்கை இந்த பம்புக்குத்தான் கொடுக்கிறான்," என்று சேர்த்துச் சொல்லிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சோபாவில் சாய்ந்தேன்.

"ஏங்க, துணியைக் காயப்போடுங்களேன்."

"வேலையா இருக்கேன்மா. சோடியம் தள்ளிக்கிட்டு இருக்கேன்."

ஈரத்துண்டு ஒன்று பறந்து வந்து முகத்தில் விழுந்தது.

மறுநாள் காலை டெமோ. அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று லீவு போட்டு, அவளுக்கு முன்னால் எழுந்து சமையலறைக்குள் புகுந்தேன். பூரியும் கிழங்கும் என் கைவசம் உள்ள ஒரே வித்தை. ஃப்ரிட்ஜில் தோல் சீவிய உருளைக்கிழங்குகள் தண்ணீரில் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பள்ளம். பூச்சி இருந்த இடத்தை வெட்டி எடுத்திருக்கிறாள், என்ன சிக்கனம் என்று மெச்சியபடி எல்லாவற்றையும் குக்கரில் போட்டேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைக் கரைசல் இருந்தது. அதையும் விடவில்லை, காபியில் ஊற்றினேன்.

குளித்துச் சேலை கட்டி வந்தவள் தட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்த கிழங்கு?"

"நல்லா இருக்கா?" என்றேன்.

அந்தப் பள்ளத்தில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, கிழங்கைத் தண்ணீரில் உட்கார வைத்தால், உள்ளே நீர்மட்டம் தானாக ஏறுமாம். வகுப்பில் அதைக் காட்டித்தான் ஆரம்பிப்பதாக இருந்தாள். "பச்சைக் கிழங்கா இருக்கணும். வேகவெச்சா சவ்வு செத்துப் போயிடும்," என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

பைக்கை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் பறந்தேன்.

"உருளைக்கிழங்கு இருக்கா?"

"இன்னாண்ணா, காத்தாலயேவா? லோடு இப்பத்தான் வந்துகினு கீது. வெங்காயம்தான் கீது, துன்றியா?"

வெறுங்கையோடு திரும்பினேன். வெறுங்கையோடுதான் அவளும் பள்ளிக்குள் போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. நான் கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாடி வகுப்பிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. அடங்கியது. மறுபடியும் வந்தது. "டெமோ கிளாஸ்ல இப்படி சிரிச்சா நல்லதா, கெட்டதா அண்ணா?" என்று கேட்டேன். "டீச்சரைப் பொறுத்து சார்," என்றார் வாட்ச்மேன்.

வெளியே வந்தவள் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள். கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"உள்ள போனதும் நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு வார்த்தை வரலை. அப்புறம், உங்களுக்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட் காட்ட இருந்தேன், அதை எங்க வீட்டுக்காரர் பூரிக்குத் தொட்டுக்க வெச்சிட்டார்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சிட்டேன். அதோட பயம் போயிடுச்சு."

"அப்புறம்?"

"அதே மனுஷன் ஞாயித்துக்கிழமை பூரா சோபால கிடப்பாரு, வேலை செய்யறாரா இல்லையான்னு கேட்டேன். இல்லைன்னு கத்துச்சுங்க. அங்கிருந்து நேரா பம்புக்கு வந்துட்டேன். பின்னாடி உக்காந்திருந்த ஹெச்.எம். சிஸ்டர் கர்ச்சீஃபால வாயை மூடிக்கிட்டாங்க. உங்க லீக் கேள்வியையும் கேட்டேன்."

"யார் கேட்டதுன்னு சொன்னியா?"

"ஒரு மேதாவின்னு சொன்னேன். ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது வந்துடுங்கன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க."

ஹெல்மெட்டுக்குள் என் முகம் என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. பச்சை விழுந்ததையும் கவனிக்கவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். "யோவ், தூங்கினுகீறியா?"

"தூங்கலைங்க, பம்ப் ஓடிக்கிட்டு இருக்கு," என்று அவருக்குப் பதில் சொன்னாள் என் மனைவி.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அவளை இறக்கிவிடப் போனேன். கேட்டருகே இரட்டைப் பின்னல் கூட்டம் ஒன்று என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தது. அதில் ஒருத்தி துணிந்து முன்னால் வந்தாள்.

"சார், நீங்கதானே பூரி சார்? இப்பவும் பம்ப் ஓடுதா சார்?"

"ஓடுதும்மா. அதான் கொஞ்சம் லேட்டாயிடுச்சு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது சோபா அவளுக்கு. மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. மொட்டை மாடியில் துணியை நான்தான் காயப்போடுகிறேன், சோடியத்தையும் கூடவே தள்ளிக்கொண்டு.