செவ்வாய் மாலை நான்கு பத்து

என் நோட்டில் இப்படி இருக்கிறது: "சனி, காலை. நந்தி என்ற பெயருள்ள கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்டது செவ்வாய் மாலை 4.10. அதன்பின் வேலை எதுவும் நடக்கவில்லை. தங்கை சொன்னது பொய்." கடைசி வாக்கியத்தின் கீழே அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

மழை பெய்த நாள், மின்சாரம் போன நேரம், திருக்கழுக்குன்றத்து மலையில் கழுகு வந்ததாக யாராவது சொன்னால் அந்தத் தேதி, எல்லாவற்றையும் எழுதிவைப்பது என் வழக்கம். சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்பதையும் குறிப்பேன். கழுகுக்குக் காட்டிய இந்தக் கவனத்தைத் தங்கைக்கு நான் காட்டவில்லை.

அவள் கைநீட்டும் புருஷனை விட்டுவிட்டு நெம்மேலியிலிருந்து ஒரு பையோடு எங்கள் கேளம்பாக்கம் பிளாட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்காரர், கல்லில் உளி படுவதற்கு முன்பு சிலையைக் கம்ப்யூட்டரில் முழு உருவமாகச் செய்து வாங்குபவருக்குக் காட்டுவார். அதற்கு ஆள் தேடினார். பத்து நாளில், வெள்ளிக்கிழமைக்குள், ஒரு நந்தியைச் செய்து காட்டினால் தங்கைக்கு வேலை. பட்டறைக்குப் பின்னால் தங்குவதற்கு ஓர் அறையும் உண்டு. செய்ய முடியாவிட்டால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. என் மனைவி சொன்னாள், தினமும்.

கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டது நான். "சாதா டெஸ்க்டாப் ப்ராசஸரே போதும்ணா. கோர் கம்மியா இருந்தாலும் பரவால்ல, ஸ்பீடு இருக்கணும்" என்றாள். அவள் கேட்டதாலேயே அதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவள் கேட்ட டெஸ்க்டாப்பையும், ஆபீஸ்களில் ஒரே நேரத்தில் பலருக்கு வேலை செய்யும் சர்வரையும் ஒப்பிட்டு நோட்டில் பட்டியல் போட்டேன். சர்வர் ப்ராசஸருக்குப் பதினெட்டு கோர், அதாவது தனித்தனியே வேலை செய்யும் பதினெட்டு பகுதி, டெஸ்க்டாப்புக்கு ஆறு. சர்வர் இரவும் பகலும் ஓயாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதிக நினைவகம் ஏற்கும். அந்த நினைவகம் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். கடைசி வரி வேகம். அதில் மட்டும் டெஸ்க்டாப் ஏறக்குறைய இரண்டு பங்கு. ஐந்து வரியில் நான்கு சர்வருக்கு. வரிகளை எண்ணினேன், எடை போடவில்லை.

ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய சர்வர்களைப் பிரித்து விற்கும் கடைக்காரர் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். அவரே தடுத்தார்.

"பஸ்ஸுக்கும் பைக்குக்கும் வித்தியாசம் கீது அண்ணாத்த. அம்பது பேரு ஒரே நேரத்துல ஏறணும்னா பஸ்ஸு. நீ ஒத்த ஆளு போறதுக்கு இன்னாத்துக்கு பஸ்ஸ கேக்குற?"

"பெருசு பெருசுதானேப்பா?"

"உன் இஷ்டம். அப்பால வந்து பேஜாரு பண்ணாத."

சர்வரையே வாங்கி வந்தேன். முதல் நாள் திரையில் படமே வரவில்லை. அந்தச் சர்வர் ப்ராசஸருக்குள் படம் காட்டும் பகுதி கிடையாது, தனி கார்டு செருக வேண்டும் என்று அதன்பிறகே தெரிந்தது. அதில் ஒரு நாள் போயிற்று. அந்தப் பழைய போர்டில் வைஃபையும் இல்லை. தங்கை பென் டிரைவில்தான் எல்லாவற்றையும் ஏற்றினாள், இறக்கினாள். ஓயாமல் ஓடும் என்பதற்காக வாங்கியதை, கரண்டு வீணாகிறது என்று மாலை ஐந்து மணிக்கெல்லாம் சுவரிலுள்ள சுவிட்சிலேயே அணைக்கச் சொன்னதும் நான்தான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் என்னை அழைத்துத் திரையைக் காட்டினாள். நந்தியின் திமிலில் மவுஸால் ஒரு தடவு தடவினால், அது உருவத்தில் ஏறுவதற்குள் நான் ஒன்பதுவரை எண்ண முடிந்தது. பக்கத்தில் கோருக்கு ஒன்றாகப் பதினெட்டு கட்டங்கள். ஒன்று மட்டும் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"பாருணா. ஒண்ணுதான் வேலை செய்யுது. பாக்கி பதினேழும் சும்மா கீது. ஒரு தடவல் முடிஞ்சாதான் அடுத்தது. இதைப் பங்கு போட்டுக் குடுக்க முடியாது."

"இந்த வூட்டுலயும் அதே கதைதான்," என்றேன். "ஒருத்தன் ஒழைக்கிறான், பாக்கி எல்லாம் உக்காந்து துன்னுது."

மனைவி சமையலறையிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். "நல்லா சொன்னீங்க. இன்னாம்மா பதினேழு, சாப்பிட வரியா?"

அன்று முதல் வீட்டில் அவள் பெயர் பதினேழு. அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும்வரை கூப்பிட்டோம். மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நந்தியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனாள். மணிமாலை முடிந்திருந்தது, கால்கள் வெறும் கட்டைகள். வேலை வேறொருவருக்குப் போனது. "வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்து பண்ணேண்ணா. மிஷினு வேகமா ஓடல" என்றாள். மறுநாள் காலை நான் கோப்பைத் திறந்து நேரத்தைப் பார்த்தேன். மனைவியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன்.

"செவ்வாய்க்கிழமையே நிறுத்திட்டியே. புதனும் வியாழனும் இன்னா பண்ணே?"

"இல்லணா, அந்தப் பொட்டியில டைமு..."

"கடியாரம் பொய் சொல்லுது, நீ உண்மை சொல்றே. அப்படித்தானே?"

நான் நோட்டில் எழுதி, கோடு போட்டு, அவளிடமே நீட்டிப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு அதே பையோடு நெம்மேலிக்குப் பஸ் ஏறினாள். அந்த நேரமும் நோட்டில் இருக்கிறது.

அடுத்த வாரம் கோப்பைச் செங்கல்பட்டுக்கு எடுத்துச் சென்று, உடன் வேலை பார்ப்பவரின் ஆறு கோர் டெஸ்க்டாப்பில் திறந்தேன். திமிலில் தடவினேன். இரண்டு எண்ணுவதற்குள் ஏறிவிட்டது. அந்த இயந்திரம் இருந்திருந்தால் நந்திக்குக் கால்கள் வந்திருக்கும்.

பொட்டியை நானே வைத்துக்கொண்டேன், நோட்டுகளைத் தட்டச்சு செய்வதற்கு. இரண்டு நாள் ஊரில் இல்லாமல் திரும்பி வந்து போட்டபோது திரையின் ஓரத்தில் ஞாயிறு என்று இருந்தது. அன்று செவ்வாய். கடைக்காரர் மூடியைத் திறந்து காசு அளவு பேட்டரி ஒன்றை நெம்பி எடுத்தார்.

"இது வீக்கு அண்ணாத்த. சுவத்துல அணைச்சா கடியாரம் நின்னுடும். மறுபடி போட்டா வுட்ட எடத்துலருந்து ஓடும். நெட்டு இருந்தா தானா சரியாயிடும், இதுல அதுவும் இல்ல."

"எப்பருந்து வீக்கு?"

"அது இன்னா சர்டிபிகேட்டா குடுக்குது?"

தினமும் மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை ஒன்பதுவரை அது சுவரில் அணைந்துதான் கிடந்தது; மூன்று இரவு சேர்ந்தால் முழுதாக இரண்டு நாள். அந்தச் சனிக்கிழமை கோப்பின் நேரத்தை எழுதிய நான், திரையின் ஓரத்தில் என்ன கிழமை இருந்தது என்று பார்க்கவில்லை.

பேட்டரி அந்தத் திங்கட்கிழமையே பலவீனமாகியிருந்தால் நோட்டிலுள்ள செவ்வாய், வியாழனாக இருந்திருக்கலாம். பின்பு ஆகியிருந்தால் செவ்வாய் செவ்வாய்தான். உண்மை தெரிந்தவள் தங்கை ஒருத்திதான். நான்கு முறை போன் செய்தேன், நான்கு முறையும் அவள் புருஷன் எடுத்தான். நோட்டில் போட்ட கோட்டை அழிக்கவில்லை. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: தங்கை வியாழன் மாலைவரை வேலை செய்தாளா என்பது சரிபார்க்கப்படவில்லை.