குமாரோட சிடியில கேட்ட குரல்

பேயி பிசாசுன்னு யாராவது பேச ஆரம்பிச்சா, எழுந்து டீ குடிக்கப் போயிடுற ஆளுங்க நான். இதக் கேட்டுட்டு நீங்களும் சிரிப்பீங்க. சிரிங்க, பரவால்ல. நடந்தது நடந்ததுதான்.

சிடி ஓடிக்கிட்டிருந்த காலம். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட சிடி காப்பி போட்டுக் குடுக்குற கடை வச்சிருந்தேன். என் கூட்டாளி குமாரு, கப்பு சாசரு செய்யிற பீங்கான் கம்பெனியில வேலை. சாயங்காலமானா கம்ப்யூட்டர்ல மியூசிக் பண்ணுவான். சினிமா மியூசிக் இல்லீங்க. ஹிப்-ஹாப் தாளம்னுவான், ஆனா அதுல ஒரு வார்த்த இருக்காது. கப்போட கப்பு மோதுறது, சூளையில பர்னரு உறுமுறது, இதெல்லாம் புடிச்சு வெட்டி ஒட்டித் தாளம் கட்டுவான். மூடிக் கெடந்த ஒரு கம்பெனியோட பழைய சூளைக்குள்ள போயி உக்காந்து பதிவு பண்ணுவான், அங்க எதிரொலி நல்லாருக்குமாம்.

மொத சிடிய நான்தான் கடைக்கு வரவங்களுக்கு சும்மா குடுத்து, "கேட்டுட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க"ன்னேன். யாரு என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்க குமாரு தினம் வந்து நிப்பான். அதுலதான் அவன் உசுரே இருந்துது. டீக்கடைக்காரரு, "சிடி கீறிப் போச்சாப்பா, சிக்கிச் சிக்கி ஓடுது"ன்னாரு. ஒரு காலேஜ் பொண்ணு, "நடந்துகிட்டே கேட்டா காலு தன்னால தாளத்துக்குப் போவுது"ன்னுச்சு, அன்னைக்குப் பூரா இவன் மொகத்துல சிரிப்புதான். மங்கலம்பேட்ட துணிக்கடை பாயி மட்டும், "நல்லாத்தான் இருக்குது தம்பி, ஆனா மூணாவது பாட்டுல ஒரு ஆளு 'போதும், வெளிய வா'ன்னு கத்துறான் பாருங்க, அத எடுத்துடுங்க, வூட்ல புள்ளைங்க பயப்புடுது"ன்னாரு.

மூணாவதுல கொரலே கெடையாதுங்க. நாங்க ரெண்டு பேரும் ஹெட்போன் மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டோம், ஒண்ணுமில்ல. சரி, பாயிக்கு ஏதோ பிரமைன்னு வுட்டா, கொஞ்ச நாள்ல ஒரு நர்சம்மா வந்து அதே வார்த்தையச் சொல்றாங்க. "யாருங்க அது, தூரத்துலருந்து அழுவுறாப்ல கூப்புடுறது?" அவங்களுக்கும் பாயிக்கும் அறிமுகமே கெடையாது. குமாருக்கு ஒரே சந்தோஷம். "இல்லாததக் கேக்க வெக்கிதுடா என் மியூசிக்கு"ன்னான்.

அப்புறம் ஒரு மத்தியானம், திட்டக்குடி பஸ் டிரைவரு சிடியத் திருப்பிக் குடுக்க வந்தாரு. மொகமெல்லாம் வெளுத்திருந்துது. "இது வேணாம்பா. மொதல்ல தூரத்துல கேட்டுச்சு, இன்னைக்குக் காதுக்கிட்டயே கத்துறான். அப்புறம் ஏதோ இடிஞ்சு வுழுவுது."

குமாரு அன்னைக்கு லீவு போட்டுட்டு சூளைக்குத்தான் போயிருந்தான். கடைய அப்பிடியே போட்டுட்டு வண்டிய எடுத்தேன்.

வெளிய நல்ல வெயிலு, சூளைக்குள்ள இருட்டு, அவன் முதுகு மட்டும் தெரியுது. என்ன சொல்லணும்னு நான் யோசிக்கவேயில்லீங்க, சத்தியமா. வாயில தானா வந்துது: "போதும், வெளிய வா!" சொன்னப்புறந்தான் என்ன சொன்னேன்னே எனக்கு ஒறைச்சுது.

அவன் துள்ளி எந்திரிச்சு ஓடியாந்தான். வாசலத் தாண்டியிருப்பான், மேல இருந்த செங்கல் வளைவு மொத்தமா உள்ள சரிஞ்சுது. புழுதியில ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியல.

நம்புனா நம்புங்க, அதுக்கப்புறம் அந்தக் கொரலு யாருக்குமே கேக்கல. பாயிகூட, "எடுத்துட்டீங்களா, இப்ப நல்லாருக்கு"ன்னாரு. நாங்க எதையும் தொடவேயில்ல.

இதுவரைக்கும்கூட தற்செயல்னு தேத்திக்குவேன். ஆனா, "நல்லவேள, நான் கூப்ட்டதும் வந்துட்ட"ன்னு ஒருநாள் குமாருகிட்ட சொன்னப்ப, அவன் என்னய ஒரு மாதிரி பாத்தான்.

"நீ கூப்ட்டியா? காதுல ஹெட்போன் இருந்துச்சேடா. அதயும் மீறி எனக்கு எதுர, உள் செவுத்துப் பக்கத்துலருந்துல்ல ஒருத்தன் சொன்னான்."

"யாரு கொரலு?"

"உன்னுதுதான். ஆனா வயசான கொரலு."

இப்ப எனக்கு அம்பது தாண்டிடுச்சுங்க. குமாரு பெங்களூருல இருக்கான். போன் பண்ணுவான். நான் அலோன்னதும் என் கொரலக் கவனிச்சுக் கேட்டுட்டு, "இன்னும் அந்தக் கொரலு வரலடா"ம்பான், அப்புறந்தான் பேச்சே ஆரம்பிப்பான்.

போன மாசம் பண்ணப்ப மட்டும் அந்த வார்த்தையச் சொல்லல.