இழுத்தால் கழன்றுவிட வேண்டும்

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ முடிந்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, ஜெபசீலியின் ஏப்ரான் நாடா ட்ரில்லிங் மிஷினில் சிக்கிக்கொண்டது.

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில் மரப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவள் வேலை பார்க்கிறாள். வெளிநாடு போகும் எந்திர பாகங்களுக்குப் பைன் மரத்தில் பெட்டி அடித்துக் கொடுப்பார்கள். பெட்டியைத் தாங்கும் அடிக்கட்டைகளில் போல்ட் இறங்க ஓட்டை போடுவது அவள் பொறுப்பு. ஒன்பது வருடமாக அதே மிஷின். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கணவர் டேனிக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தபோது கூடவே வந்தவள். வயது முப்பத்தொன்பது. ஒல்லியான உடம்பு.

கம்பெனி கொடுத்த ஏப்ரானை ஆறடி ஆணுக்கு அளவெடுத்து வெட்டியிருந்தார்கள். கழுத்தில் மாட்ட ஒரு வளையம், இடுப்பில் கட்ட இரண்டு நீள நாடா. பின்னால் முடிச்சுப் போட்டால் மிச்ச நாடா முழங்கால்வரை தொங்கும். அதனால் அங்கிருந்த பெண்கள் எல்லாருமே நாடாவை இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து முடிந்துகொள்வார்கள். அன்று அவள் போட்ட முடிச்சு நெகிழ்ந்து, நுனி வெளியே தொங்கியிருக்கிறது. அவள் கட்டையின் மேல் குனிந்ததும் சுழன்றுகொண்டிருந்த ட்ரில் பிட் அதைப் பிடித்துக்கொண்டது.

அவளுக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். வயிறு மேஜையில் மோதியது. முகம் கட்டையை நோக்கிப் போனது. வளையம் பின்கழுத்தை அறுத்தது. கத்த நினைத்தாள், குரல் வரவில்லை. பக்கத்தில் ரம்பத்தில் நின்ற திம்மராயன் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தான். மிஷின் நின்றபோது அவள் கன்னத்துக்கும் பிட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. நாடாவைக் கத்தியால் அறுத்துத்தான் அவளை எடுத்தார்கள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பின்கழுத்தில் தோல் உரிந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த கோடு. இரண்டு வாரம் கழுத்துக்குப் பட்டை போட்டு வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

நான்காம் நாள் சூப்பர்வைசர் சின்னராஜ் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரு தாள். "ஏப்ரான் நாடாவை முறையாகக் கட்டாததால் ஏற்பட்ட விபத்து" என்று அதில் இருந்தது. ஜெபசீலி அதை முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

அவர் போன பிறகுதான் அந்தக் கையெழுத்து உறுத்த ஆரம்பித்தது. வாசிக்காமல் போட்டிருந்தால் ஏமாந்துபோனேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அவளால் உட்கார முடியவில்லை. மடித்து வைத்த துணியை உதறி மறுபடி மடித்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முழுவதையும் பின்சுவரோரம் நின்றே கேட்டாள். மாலையில் டேனி அவளைக் கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துப் போனார். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்க, அவள் கரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மூன்று முறை நடந்தாள்.

"ஏட்டி, செத்த நேரம் இரியேன். பாக்குற எனக்கே கால் வலிக்கி."

"இருந்தா அந்தக் கையெழுத்துதான் நெனப்புக்கு வருது."

"போட்டாச்சு. விடு."

"எல்லாரும் அப்படித்தான கட்டுதோம்? பின்ன நான் மட்டும் என்னத்த முறையில்லாம கட்டினேன்?"

டேனி கடலையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வேலைக்குத் திரும்பியபோது அவளைப் பெட்டிகளில் முகவரி அச்சிடும் மூலைக்கு மாற்றியிருந்தார்கள். லேசான வேலை. மூன்றே நாளில் அவளுக்கு வெறுத்துவிட்டது. மிஷினுக்கே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏப்ரான் மட்டும் வேண்டாம் என்றாள். சின்னராஜும் சரி என்றார்.

ஏப்ரான் இல்லாமல் பைன் கட்டையோடு வேலை செய்வது எப்படி என்று ஒரே நாளில் தெரிந்துபோனது. ஆறடிக் கட்டையை வயிற்றால் தாங்கித்தான் மேஜையில் நகர்த்த வேண்டும். அறுத்த முனையின் சிலாம்பு சுடிதார் துணியைத் துளைத்துக்கொண்டு தோலுக்குள் இறங்கியது. மரத்தூள் கழுத்து வழியாக உள்ளே போய் வேர்வையில் ஊறி அரித்தது. சாயந்திரம் தொப்புளுக்குப் பக்கத்திலிருந்து டேனி ஊசியால் மூன்று சிலாம்பு எடுத்தார். ஏப்ரான் இல்லாமல் ஆகாது. ஆனால் எந்த ஏப்ரான்?

முதலில் ஆன்லைனில் தோல் ஏப்ரான் ஒன்றை வரவழைத்தாள். படத்தில் வெள்ளைக்காரத் தச்சர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு சிரித்தார். வீட்டில் எடுத்து மாட்டியதும் அதன் மொத்த கனமும் பின்கழுத்துத் தழும்பின் மேல் இறங்கியது. யாரோ பிடித்துக் கீழே இழுப்பது போலிருந்தது. மூச்சு வாங்க அவிழ்த்துப் போட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பினாள். அடுத்து வந்தது ரெக்ஸின். ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைப் போட்டால் உடம்பு வெந்துவிடும். மூன்றாவது ஜீன்ஸ் துணி. அதன் நெஞ்சில் வாய் அகலமான பெரிய பை ஒன்று. ஒரு மணி நேரத்தில் அந்தப் பை நிறைய மரத்தூள். குனிந்தால் எல்லாம் முகத்தில் கொட்டியது. அதற்கும் பின்னால் நாடா இருந்தது.

வேலை நேரத்தில் இன்னொரு தொந்தரவும் இருந்தது. அவள் மிஷினைப் போட்டதும் திம்மராயன் தன் ரம்பத்தை விட்டுவிட்டுச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வான். பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், கம்பெனியில் தமிழ்.

"எதுக்குப்பா இங்கனயே நிக்க? போய் உன் சோலியப் பாரு."

"சும்மனே நிக்கறன்க்கா. நீ போடு."

"நீ நின்னா எனக்கு ஓட்டை கோணலாப் போகுது."

அவன் நகரவில்லை. அன்று பதினோரு கட்டை வீணானது.

ஒரு சனிக்கிழமை டேனி விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைப் பெங்களூருக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனார். சிக்பேட்டைப் பக்கம் பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றை அவருடைய நண்பர் சொல்லியிருந்தார். கடைக்காரர் டேனியை ஏற இறங்கப் பார்த்து, அவர் அளவுக்கு நான்கு ஏப்ரானை எடுத்துப் போட்டார்.

"எனக்குத்தான்" என்றாள் ஜெபசீலி.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, நல்ல தமிழிலேயே கேட்டார். "கிச்சனுக்காம்மா?"

"மரவேலைக்கு. ட்ரில்லிங் மிஷின்."

அவர் கனத்த கேன்வாஸ் ஒன்றை விரித்தார். இரண்டு கையாலும் அதன் நாடாவைப் பிடித்துச் சுண்டி இழுத்துக் காட்டினார். "பாருங்க. மூணு தையல் போட்டிருக்கு. யானை இழுத்தாலும் அறாது."

"எனக்கு இழுத்தா கழண்டுறணும்."

"என்னம்மா?"

"இழுத்தா கழண்டு கையோட வந்துறணும். அப்படி இருக்கா?"

அவர் டேனியைப் பார்த்தார். டேனி தரையைப் பார்த்தார். "பத்து வருஷத்துக்குக் கழண்டு வராதுன்னுதாம்மா நாங்க விக்கிறோம்" என்றார் கடைக்காரர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. வெறுங்கையோடு திரும்பினார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளிவரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள். ஆனால் மனதில் ஒன்று தெளிந்திருந்தது. என்ன வேண்டும் என்பதை அன்றுதான் முதல் தடவையாக வாயால் சொல்லியிருந்தாள்.

அவர்கள் தெருமுனையில் காளியம்மாள் தையல் கடை வைத்திருந்தாள். உசிலம்பட்டிக்காரி, ஜெபசீலி வயதுதான். பள்ளிக்கூட யூனிஃபார்மும் கம்பெனி ஓவர்கோட்டும் தைப்பவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்தாள். ஜெபசீலி நிமிர்ந்து நின்றாள்.

"ஏத்தா, நீ இப்பிடி நிமுந்து நின்னா வேல பாக்குற? அந்த மிஷின்ல எப்பிடி நிப்ப, அப்பிடி நில்லு."

ஜெபசீலி தயங்கி, தையல் மேஜையின் மேல் குனிந்தாள். இடது கையை இல்லாத கட்டையின் மேல் வைத்தாள். வலது கையை உயர்த்தி, இல்லாத கைப்பிடியைப் பிடித்தாள். அந்த நிலைக்கு வந்ததும் உடம்பு நடுங்கத் தொடங்கியது. விபத்துக்குப் பிறகு யாராவது பார்க்கும்படி அவள் நடுங்கியது அதுதான் முதல் தடவை. காளியம்மாள் அந்த நடுங்கும் முதுகில் நாடாவைக் குறுக்காக வைத்து அளந்தாள். "கழுத்துல ஒண்ணும் வேணாம். முதுகுல பெருக்கல் குறி மாதிரி போட்டு விடுறேன். பாரமெல்லாம் தோளுக்குப் போயிரும்" என்றாள்.

மெல்லிய கேன்வாஸ் துணி. முழங்காலுக்கு மேலேயே நிற்கும் நீளம். நெஞ்சில் பென்சில் நுழையும் அளவுக்கு மூடி வைத்த ஒரு பை. நாடா கிடையாது, விலாவில் இரண்டும் தோளில் இரண்டும் டிச் பட்டன். போட்டுப் பார்த்தபோது உடம்பில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

"இழுத்துப் பாக்கணுமே" என்றாள் ஜெபசீலி.

திம்மராயனுக்கு போன் போட்டாள். அவன் பைக்கில் வந்தான். விஷயத்தைச் சொன்னதும் பின்வாங்கினான்.

"நானாக்கா? வேணாம்க்கா. வேற யாரையாச்சும் கூப்பிடு."

"நீதான் பாத்தவன். அது எப்படி இழுத்துச்சோ அப்படி இழு."

அவன் விலாப்பக்கம் துணியைப் பிடித்து இழுத்தான். பட்டன் விடவில்லை. அவள் முழு உடம்போடு அவன் மேல் போய் மோதினாள். பிறகு, தனக்கே தெரியாத ஆத்திரத்தில், அவன் தோளில் ஓங்கிக் குத்தினாள். அவன் வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்கி நான் ஒடனே ஓடி வரலக்கா" என்றான். "நீ குனிஞ்சத பாத்தேன். ஓட்டையதான் பாக்கறன்னு நெனச்சு, கையில இருந்த பலகைய அறுத்து முடிச்சிட்டன். அப்பறம்தான் திரும்பனன்."

தையல் மிஷின் சத்தம் நின்றது. ஜெபசீலியும் தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் தானாக உட்கார்ந்தது அன்றுதான்.

"அதுக்காகவா தெனமும் பொத்தான் பக்கத்துல நிக்க?"

அவன் தலையை ஆட்டினான். "நீ போட்டப்பறம் அந்தக் கடுதாசில நானும் சாட்சிக் கையெழுத்து போட்டேன்க்கா. நீ சரியா கட்டலன்னு. சார் சொன்னாரு, போட்டேன்."

அவள் விலாப் பட்டனை விரலால் நெருடினாள். பிறகு, "சரி, எழுந்திரு. இன்னொரு தடவை இழுக்கணும்" என்றாள்.

பட்டனைப் பிரித்துவிட்டு, காளியம்மாள் வெல்க்ரோ என்னும் ஒட்டுகிற பட்டை வைத்துத் தைத்தாள். இழுத்ததும் சர்ரென்று கழன்று திம்மராயன் கையோடு போனது. மூவரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் வேலையில், கட்டையைத் தூக்கும்போதெல்லாம் தானாகவே அவிழ்ந்தது. மதியத்துக்குள் பட்டையில் மரத்தூள் ஏறி ஒட்டவே மறுத்தது. மறுபடி கடைக்கு. பட்டையை இரண்டு விரல் அகலமாக்கி, மேலே தூள் விழாமல் துணி மூடி வைத்தாள் காளியம்மாள். இழுத்தார்கள், கழன்றது. குனிந்தாள், தூக்கினாள், கையை உயர்த்தினாள், கழலவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு நேராக சின்னராஜ் அறைக்குப் போனாள். திம்மராயன் பின்னால் வந்து கதவோரம் நின்றான்.

"சார், அந்த ரிப்போர்ட்ட மாத்தணும்."

"அது மேல போயிருச்சும்மா. இப்ப எப்படி மாத்தறது?"

"நாடா கட்டினது தப்புன்னு போட்டிருக்கு. நாடா வச்சுக் குடுத்தது கம்பெனிதான சார்? சுத்துற மிஷின் முன்னாடி நிக்கிறவளுக்கு ஒரு முழ நீளத்துல நாடா எதுக்கு?"

"ஏம்மா, இத்தன நாளா யாரும் கேக்கலயே."

"நான் கேக்குதேன்."

கதவோரத்திலிருந்து திம்மராயன் சொன்னான். "சார், என் கையெழுத்தயும் அடிச்சிருங்க. நாடாவ அவங்க எப்படி கட்டியிருந்தாங்கன்னு நான் பாக்கவே இல்ல."

சின்னராஜ் நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தினார். கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். ஜெபசீலி அவரையே தன் ஏப்ரானை இழுத்துப் பார்க்கச் சொன்னாள். ஒரு பெண்ணின் உடுப்பை எப்படிப் பிடிப்பது என்று அவர் கூச்சப்பட்டார். அவளே கழற்றி, திம்மராயனுக்கு மாட்டி, "இப்ப இழுங்க" என்றாள். இழுத்தார். துணி கையோடு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரிப்போர்ட் மாறவில்லை. அதோடு ஒரு பக்கம் சேர்ந்தது, அவ்வளவுதான். சுழலும் மிஷின் பக்கம் நாடா வைத்த ஏப்ரான் கூடாது, கொடுத்த ஏப்ரான் பொருத்தமில்லாதது என்று அந்தப் பக்கம் சொன்னது. பாதி ஜெயித்த மாதிரியும் பாதி தோற்ற மாதிரியும் அவளுக்கு இருந்தது. திம்மராயனைப் பார்த்து, "நீ உன் ரம்பத்துக்குப் போ" என்றாள். போனான். அன்று அவள் தனியாக நின்று நாற்பது கட்டை போட்டாள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தடவை கை விலாப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

ஜூனில் கம்பெனி எல்லாருக்கும் அதே மாதிரி ஏப்ரான் செய்து தந்தது. காளியம்மாளிடம் கொடுக்காமல் வேறெங்கோ தைத்திருந்தார்கள். பன்னிரண்டில் ஐந்து இழுத்தால் கழலவில்லை. கேட் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் இழுத்துப் பார்த்து, அந்த ஐந்தையும் ஜெபசீலி திருப்பி அனுப்பினாள். அவை சரியாகி வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் அவள் சண்டை வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்த மழைக்கு வந்த பைன் லோடு முழுக்க ஈரம். பிட் புகைந்தது, ஓட்டை பிசிறடித்தது. ஈரக்கட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் மறுபடியும் சின்னராஜ் அறைக்கு நடந்தாள்.