நூற்றுப் பதினான்காம் நம்பர் நூல்

தெருவில் அவருக்குக் கண்காரர் என்று பெயர். கண் டாக்டர் இல்லை, கண்ணாடிக் கடைக்காரரும் இல்லை. விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர்களுக்குப் பொருத்திக்கொள்ள ஒரு கண் செய்து கொடுப்பவர். அது பார்க்காது, ஆனால் எதிரே நிற்பவருக்கு எது பார்க்கும் கண், எது பார்க்காத கண் என்று தெரியவும் தெரியாது. முப்பது வருஷமாக இதே பிழைப்பு. வீடு கீழே, பட்டறை மாடியில். நடுவில் பன்னிரண்டு படிகள். இந்தப் படிகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சண்டை வந்தபோது இந்தப் படிகள்தான் மாட்டிக்கொண்டு முழித்தன.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெயில் நேராக விழாத ஒரு ஜன்னல், அதை ஒட்டி ஒரு மேஜை, மெழுகு உருக்க ஒரு அடுப்பு, மெருகேற்றும் சக்கரம், நம்பர் ஒட்டிய சாயப்புட்டிகள். அப்புறம் இரண்டு ஸ்டூல்கள். ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் மனைவி. வந்த ஆளின் கண்குழிக்கு அளவெடுத்து, மெழுகில் வார்த்து, வெள்ளை அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கண் உருண்டையின் முன்பக்கத்தைச் செய்வது அவர் வேலை. சிவப்புப் பட்டு நூலை மயிரிழையாகப் பிரித்து, வெள்ளை விழியில் ஓடும் நரம்புகளாக ஒட்டுவது அந்த அம்மாளின் வேலை. வருகிறவர்கள் அந்த அம்மாளைக் கூடமாட ஒத்தாசைக்கு இருப்பவள் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் தண்ணீர் கேட்பார்கள். அவளும் கொண்டுவந்து கொடுப்பாள்.

உண்மையில் கண்மணியைச் சுற்றியுள்ள அந்த நிறத்தைத் தீர்மானிப்பது அவள்தான். கண்காரருக்கு நிறம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே சேறு. பழுப்பு என்று ஊரில் ஆயிரம் பேர் கண்ணில் ஆயிரம் விதமாக இருப்பது அவரைப் பொறுத்தவரை வெளிச்சமான சேறு, இருட்டான சேறு, அவ்வளவுதான். இந்த விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவருக்கும், அவருடைய மனைவிக்கும்.

அவள் அதைக் கண்டுபிடித்த கதை இது. அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. நூல் கடையில் வேலை. முந்நூறு நிற நூல்களை நம்பர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள் என்று பெயர் வாங்கியவள். ஒன்பது வயதில் காய்ச்சலில் வலது கண் போய்விட்டது. புதுக் கண்ணுக்காக அவர் வேலை பார்த்த இடத்துக்கு வந்தாள். அவரும் ராப்பகலாக உழைத்து ஒன்று செய்து பொருத்திவிட்டு, கண்ணாடியைப் பெருமையோடு நீட்டினார். அவள் இரண்டு நிமிஷம் பார்த்தாள்.

"இடது கண்ணு நூத்திப் பதினாலாம் நம்பர். நீங்க போட்டிருக்கிறது எண்பத்தாறு. பாசி படிஞ்ச மாதிரி இருக்கு," என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "உங்களுக்கு நிறம் தெரியாதுல்ல?" என்றாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டார். அவள் அவருடைய முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. மறுநாள் கடையிலிருந்து நூல் அட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம், போதும், இதில் ஒரு சொட்டு கறுப்பு என்று அவள் சொல்லச் சொல்ல அவர் போட்டார். மூன்றாம் நாள் அந்தச் சின்ன வட்டத்தைத் தன் இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்து, "ம்" என்றாள். அதுவரைக்கும் தான் செய்தது வெறும் கைவேலை என்று அவருக்கு அந்த ஒரு எழுத்தில் புரிந்துபோயிற்று. நான்கு மாதத்தில் கல்யாணம்.

கண்காரர் எந்தச் சாமியையும் கும்பிடுகிறவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு கண் முடியும்போதும் அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, உயிருள்ள கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிற அந்த நேரத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அவள் "ம்" என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ நிறைந்துவிடும். "கும்பிடப் போறவங்களுக்கு அங்க என்ன கிடைக்குதோ, எனக்கு அது உன்னோட 'ம்'முல கிடைச்சுடுது," என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார். "வேலையைப் பாருங்க," என்றாள் அவள். ஆனால் அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது.

இப்படி இருந்தவர்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குத் தொழிலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மாதிரிக் கண்கள் வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் ஒரு பெண் எழுந்து, நிறத்தை இவ்வளவு துல்லியமாக எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டாள். கண்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் அனுபவம்தான். பார்த்துப் பார்த்துக் கண்ணு பழகிடும்," என்றார். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்.

"கண்ணு பழகிடும்னு சொன்னீங்களே, எந்தக் கண்ணு?"

"பின்னே, அத்தனை பேர் முன்னாடி எனக்கு நிறமே தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் எவன் நம்மகிட்ட வருவான்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கலாமே."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு காபியோடு போயிருக்கும். மனசுக்குள் குறுகுறுத்தது அவருக்கு. தப்புச் செய்தவனுக்குத்தானே கோபம் முந்திக்கொண்டு வரும். "நிறம் என்ன பெரிய நிறம். முப்பது வருஷமாச்சு. நானே போட்டுடுவேன்," என்றார்.

"சரி, போடுங்க," என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் மாடி ஏறவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. பேச்சும் உண்டு, சிரிப்பும் உண்டு. பன்னிரண்டு படிகள் மட்டும் அவளுக்கு இல்லாமல் போயின. கண்காரர் பழைய கண்களைத் துடைத்து மெருகேற்றிக் கொடுத்துக்கொண்டு, புதிதாக வந்தவர்களுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினார். எதிரே காலி ஸ்டூல். தொழில் போய்விடும் என்ற பயம் அவருக்குக் கொஞ்சம்தான். அந்த "ம்" இனிமேல் கேட்காதோ என்ற பயம்தான் பெரிது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

அப்போதுதான் ஒரு காவல்காரர் வந்தார். ஆறடி உயரம், அரிவாள் மீசை, இடது கண் இருந்த இடத்தில் கறுப்புத் துணி. புதிதாக ஒரு தொழிற்சாலையில் வாசல் காவல் கிடைத்திருக்கிறது. துணி கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, திங்கட்கிழமைக்குள் கண் வைத்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். இவரிடம் சாக்குச் சொல்லக் கண்காரருக்கு மனசு வரவில்லை. மனைவியைக் கூப்பிடலாம் என்று ஆறு படிகள் இறங்கினார். கீழே அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு துணி மடிப்பது தெரிந்தது. திரும்ப ஆறு படிகள் ஏறிவிட்டார்.

காவல்காரரின் வலது கண்ணை அரை மணி நேரம் உற்றுப் பார்த்தார். சேறு. கடைசியில் தூரிகையை எடுத்தார். எடுத்த பிறகு கை தயங்கவே இல்லை. எந்தப் புட்டி, எத்தனை சொட்டு, எந்தக் கோட்டுக்கு மேல் எந்தக் கோடு என்று எல்லாம் தானாக வந்தது. வழக்கமாக இரண்டு நாள் இழுக்கிற வேலை ஒரே நாளில் முடிந்தது. பட்டு நூல் நரம்புகளையும் தானே ஒட்டினார். 'பார்த்தாயா, என்னால் முடிகிறது' என்று காலி ஸ்டூலைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் முடிந்த கண்ணை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சு நிறையவும் இல்லை.

காவல்காரருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு வருஷம் துணி கட்டியிருந்தவருக்கு எந்தக் கண்ணும் அழகுதான். கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கீழே கதவைத் தட்டினார். திறந்தது அந்த அம்மாள். திறந்தவள் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"சார் இருக்காராம்மா?"

"கண்ணு உறுத்துதா?"

"உறுத்தலெல்லாம் இல்லைம்மா. நல்லாத்தான் இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வாசல்ல நிக்கிறேனா, வலது பக்கமா வர்றவன் மரியாதையா அடையாள அட்டையை எடுத்துக் காட்டுறான். இடது பக்கமா வர்றவன் நின்னு, நல்லா இருக்கீங்களா அண்ணே, பசங்க என்ன படிக்கிறாங்கன்னு விசாரிச்சுட்டுப் போறான். ஒருத்தன் அவன் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் சொல்லி அழுதுட்டான். சூப்பர்வைசர் கேக்குறாரு, என்னய்யா, ஒரு பக்கம் காவல் காக்குற, ஒரு பக்கம் சொந்தம் கொண்டாடுறன்னு."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒரு அடி கிட்டே வந்து, அந்த இடது கண்ணைப் பார்த்தாள். கருமணிக்குக் கீழே, மூக்கை ஒட்டிய பக்கம், எள்ளளவுக்கு ஒரு தேன் நிறப் புள்ளி. நிற வட்டத்தின் விளிம்பைச் சுற்றி மெல்லிசாக, வயதாகும்போது படிகிற ஒரு சாம்பல் வளையம். "கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"வாங்க, மேல போகலாம்," என்றாள்.

மாடியில் சக்கரத்தில் மெருகேற்றிக்கொண்டிருந்த கண்காரர் படியில் இரண்டு பேரின் காலடியைக் கேட்டார். அதில் ஒன்று யாருடையது என்று தெரிந்ததும் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"இவருக்கு யார் கண்ணை வெச்சு அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டபடியே உள்ளே வந்தாள் அவள். காவல்காரரை ஜன்னலோரமாக ஸ்டூலில் உட்கார வைத்து, பக்கத்தில் குனிந்து தன் முகத்தையும் வைத்துக் காட்டினாள்.

கண்காரர் பார்த்தார். நிறம் அவருக்குத் தெரியாது. புள்ளி தெரிந்தது. முரட்டு மீசைக்கு மேலே, ஊரே பயப்பட வேண்டிய அந்த முகத்தில், அவருடைய மனைவி உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தாள். அசடு வழிய நின்றார்.

"தெரிஞ்சு செய்யலை. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச கண்ணு அது ஒண்ணுதான்," என்றார்.

பிறகு காவல்காரர் பக்கம் திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் சொன்னார். "மன்னிச்சுக்குங்க. எனக்கு நிறம் தெரியாது. பிறந்ததுலேர்ந்தே தெரியாது. இத்தனை வருஷமா இவங்க பார்த்துச் சொல்லித்தான் நான் போடுறேன். இங்க கண்ணு செய்றது நாங்க ரெண்டு பேரும்."

காவல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் அம்மாவையே கூப்பிடச் சொல்லியிருப்பேனே சார்," என்றார். முப்பது வருஷம் பூட்டி வைத்த ரகசியத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அவள் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். காவல்காரரின் வலது கண்ணை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "முப்பத்தொண்ணு. அதுல கொஞ்சம் புகை," என்றாள். இரண்டு நாளில் வேலை முடிந்தது. "ம்" என்றாள். காவல்காரர் புதுக் கண்ணோடு வாசலில் நிற்கப் போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் குசலம் விசாரிக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

கழற்றிய கண் மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியில் கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"என்னோட வலது கண்ணைக் கடைசியா எப்பச் செஞ்சீங்க?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"அதுல இந்தச் சாம்பல் வளையம் இல்லையே."

"அப்ப உனக்கு வரலை. போன வருஷம் மழை விட்டப்பதான் லேசாத் தெரிய ஆரம்பிச்சுது. முதல்ல மேல் ஓரத்துல. இப்ப சுத்தி வந்துடுச்சு."

"எனக்கே தெரியாது," என்றாள் அவள். "தினமும் கண்ணாடியில முகம் பார்க்கிற எனக்கே தெரியாது. அன்னிக்கு அந்த ஆளைப் பார்த்துட்டு உள்ள போய்ப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அலமாரியிலிருந்து பழைய நூல் அட்டையை எடுத்தாள். ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. நூற்றுப் பதினான்காம் நம்பரைத் தேடி அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கண்ணைத் தன் இடது கண்ணோரம் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். கண்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"நிறம்?" என்று கேட்டார். கேட்கவே பயமாக இருந்தது.

"ம்."

அவர் தன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை, அவளும் பார்க்காதது போல இருக்கவில்லை.

"அப்ப என் வலது கண்ணுதான் இப்ப ஆறு வயசு சின்னது. நல்லாவா இருக்கு? நாளைக்கு அதை மாத்துங்க," என்றாள்.

"மாத்திடலாம். நீ நிறம் சொல்லு."

"நான் மேல வந்து உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்," என்று சொல்லி, நூல் அட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள். "நீங்களே போடுங்க."