தாணுலிங்கத்தின் இரைப்பைக்கு நான்கு எல்லை

“வாசிச்சு முடிக்காத காயிதத்தில தாணுலிங்கத்துக்க பேனா இதுவரை தொட்டதில்லை. இனியும் தொடாது. எமன் ஓலையோட வந்து நிண்ணாலும், ‘இரும் ஓய், நாலு எல்லையும் ஒத்துப் பாக்கட்டு’ன்னு சொல்லிட்டுத்தான் ஒப்புப் போடுவேனாக்கும்!”

உதியன்குளங்கரையில் ஆதாரம் எழுதுவோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். முப்பது வருடமாக நிலப்பத்திரம் எழுதிய சேவைக்காகப் போர்த்திய சால்வை, இரண்டு தோள்களையும் ஒரே நேரத்தில் மூட முடியாமல் தத்தளித்துக்கொண்டிருந்தபோது தாணுலிங்கம் ஒலிபெருக்கியில் முழங்கிய வாசகம் இது. கூட்டம் கைதட்டியது. கைதட்டாத ஒரே ஆள், மூன்றாம் வரிசையில் இருந்த அவர் மனைவி மரகதவல்லி. அந்தக் கொள்கையோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

கொள்கை வெறும் மேடைப் பேச்சல்ல என்பதற்குச் சாட்சியங்கள் உண்டு. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன அன்று, பதிவேட்டின் பின்னட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த விதிகளையும் வாசித்து முடித்த பிறகே மாப்பிள்ளை கையெழுத்திட்டார். அந்த முக்கால் மணி நேரமும் மரகதவல்லி கழுத்து மாலையோடு வெயிலில் நின்றாள். புதுக் கைபேசி வாங்கியபோது ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்த அவருக்கு மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் கைபேசி அலமாரியில் மௌன விரதம் இருந்தது.

இத்தனை கறாரான மனிதரின் உடல் மட்டும் எந்தப் பத்திரமும் இல்லாமல் நாலா பக்கமும் ஆக்கிரமிப்புச் செய்துகொண்டே போயிற்று. ஐம்பத்து நான்கு வயதில் நூற்று இருபத்தொரு கிலோ. பாறசாலையில் சப் ரிஜிஸ்டிரார் அலுவலகத்துக்கு எதிரே அவர் மேசை. மேசைக்குப் பக்கத்துக் கடை ஞானையனின் சாயாக்கடை. காலையில் மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துவையலும், பதினோரு மணிக்கு நேந்திரம் பழம்பொரி, நாலு மணிக்கு ரசவடை என்று அந்தக் கடையின் அடுப்பு அவருடைய நாளைப் பகுத்துக் கொடுத்திருந்தது. சர்க்கரை வந்தது, நாளுக்கு இரண்டு இன்சுலின் ஊசியும் வந்தது. நெஞ்செரிச்சல் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றது. அவர் கவலைப்படவில்லை.

கவலை வந்தது ஒரு திங்கட்கிழமை. வெள்ளறடையில் நாற்பது சென்ட் ரப்பர் விளை கைமாறுகிறது. விற்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் அமர்ந்திருக்க, தாணுலிங்கம் எழுதிய ஆதாரத்தை உரக்க வாசித்துக்கொண்டு வந்தார். “கிழக்கே...” என்றார். அப்படியே தூங்கிப்போனார்.

எட்டு நிமிடம். எழுப்பும் துணிச்சல் யாருக்கும் இல்லை. கிழக்கே ஏதோ பெரிய வில்லங்கம் இருக்கிறது, அதைத்தான் எழுத்தர் கண்ணை மூடி ஆலோசிக்கிறார் என்று வாங்குபவர் முடிவுகட்டினார். தாணுலிங்கம் கண் திறந்து, “...ஈசாக்கின் விளை” என்று வாக்கியத்தை முடித்தபோது கேட்பதற்கு எதிரே ஆள் இல்லை. வியாபாரம் முறிந்திருந்தது.

திருவனந்தபுரத்தில் பரிசோதித்தார்கள். எடை கூடியதால் தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது, பகலில் கண் சொருகுவது அதனால்தான் என்றார்கள். டாக்டர் ஒரு பெண். மலையாளத்தையும் தமிழையும் ஒரே டம்ளரில் ஆற்றிக் கொடுப்பவர்.

“சாரே, நடந்தும் பட்டினி கிடந்தும் இனி எடை குறையாது. ஆப்பரேஷன் வேணும். மூணு வழியுண்டு,” என்று மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்தார்.

ஒன்று, பலூன். வயிற்றைக் கீறாமல் வாய்வழியாக இரைப்பைக்குள் இறக்கி உப்புநீர் நிரப்புவார்கள். ஆறு மாதத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் கனத்தில் ஒரு குழலாகத் தைத்துவிடுவார்கள். மூன்றாவது, பைபாஸ். மேலே ஒரு சின்னப் பை மட்டும் வைத்து அதை நேரே குடலில் இணைப்பார்கள். பழைய இரைப்பை உள்ளேயே இருக்கும், சோறு மட்டும் அந்தப் பக்கம் போகாது.

தாணுலிங்கத்துக்கு நொடியில் புரிந்துவிட்டது. பலூன் என்பது ஆறு மாத வாடகைச் சீட்டு. ஸ்லீவ் என்பது சுத்தக் கிரையம், விற்றது விற்றதுதான். பைபாஸ் என்பது நிலத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு வழியை மட்டும் மாற்றி விடுவது. புரிந்ததோடு நிறுத்தியிருந்தால் இந்தச் சரித்திரத்தை எழுத வேண்டியிருந்திருக்காது.

“இந்தப் படத்துக்குக் கீழ டாக்டர் ஒரு ஒப்பும் தேதியும் போட்டுத் தரணும்,” என்றார்.

டாக்டர் அவரைப் பார்த்தார். மரகதவல்லியைப் பார்த்தார். போட்டுக் கொடுத்தார்.

“அடுத்த வியாழனுக்குப் பெறகுள்ள வியாழன் வாங்கோ. எதுன்னு தீருமானிப்போம்.”

அந்த இரண்டு வாரத்தில் தாணுலிங்கம் சாட்சிகளை விசாரித்தார். முதல் சாட்சி வெள்ளறடை சுந்தரதாஸ், ரப்பர் ஷீட் வியாபாரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்லீவ் செய்தவர். தையல் கசிந்து மறுபடியும் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இப்போது நெஞ்செரிச்சலுக்குப் பயந்து மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் உறக்கம். அவர் சொன்னார்:

“சொர்க்கமாக்கும் ஓய்! நாளைக்கே போயிச் செய்யும். எனக்க கல்யாணச் சட்டை எனக்கு இப்பம் லூசு.”

“அந்தப் பதினெட்டு நாளு?”

“அது கெடக்கட்டு. சட்டையைப் பாரும்!”

இரண்டாவது சாட்சி திருப்புறம் லீலாபாய் டீச்சர், மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பைபாஸ் செய்து நாலு வருடம். இன்சுலின் நின்றுவிட்டது, நாற்பது கிலோ போய்விட்டது, மூட்டுவலி இல்லாமல் சபைக் கோயில் படி ஏறுகிறார். டாக்டர்கள் படம் பிடித்து மாட்டிவைக்கத் தக்க உடம்பு. அவர் சொன்னார்:

“வேண்டாம் தாணு. சொன்னாக் கேளு.”

“ஏன் டீச்சரே? நல்லாத்தானே இருக்கியோ?”

“நல்லாட்டு இருந்து என்ன? சபை விருந்துல ஒரு டம்ளர் பாயசம் குடிச்சேன். வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பெஞ்சுல படுத்துட்டேன். பாதிரியார் ஜெபம் பண்ண வந்துட்டாரு. அம்பத்தேழு வருசம் குடிச்ச பாயசமாக்கும் அது. தினமும் வைட்டமின் குளிகை வேற, சாகுத வரைக்கும் தின்னணும்.”

மூன்றாவது சாட்சி சித்தப்பா மகன் சுனில்குமார், நெய்யாற்றின்கரையில் கைபேசிக் கடை. பலூன் வைத்துப் பதினாலு கிலோ குறைந்து, எடுத்த பிறகு பதினாறு கிலோ கூடியவன். “நல்ல சாதனம் அண்ணா, நான் இன்னொண்ணு வைக்கப் போறேன்,” என்றான்.

தாணுலிங்கத்துக்குத் தலை சுற்றியது. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு வழக்கை அவர் கண்டதில்லை. அடிபட்டவன் வா என்கிறான், பிழைத்தவள் வராதே என்கிறாள், ஒன்றும் நடக்காதவன் மறுபடியும் போகிறேன் என்கிறான். எந்தச் சாட்சியை நம்பி எந்தக் காகிதத்தில் எழுதுவது?

குழப்பம் வந்தால் ஆதாரம் எழுத்தர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அதை அவர் செய்தார். செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்துக்குப் போகாமல், சாப்பாட்டு மேசையில் முழுநீளக் காகிதம் விரித்து, தன் இரைப்பைக்கு ஒரு பத்திரம் எழுதினார்.

‘எனக்குப் பாத்தியப்பட்டதும், பிறந்த நாள் முதல் இடையூறின்றி என் அனுபவத்தில் இருந்து வருவதுமான இரைப்பை ஒன்று. இதற்கு எல்லை: வடக்கே உதரவிதானம், தெற்கே குடல், மேற்கே கல்லீரல், கிழக்கே மண்ணீரல். இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது.’ அதன் கீழே சரத்துகள். முதல் சரத்து ஸ்லீவின் நன்மை. இரண்டாம் சரத்து அந்த நன்மையை ரத்து செய்தது. மூன்றாம் சரத்து பைபாஸைச் சிபாரிசு செய்தது. நான்காவது லீலாபாய் டீச்சரின் பாயசத்தைச் சுட்டிக்காட்டி மூன்றாவதை முடக்கியது. ஒன்பதாம் சரத்துக்கு வரும்போது, எந்த அறுவையையும் செய்யவும் முடியாது, செய்யாமல் இருக்கவும் முடியாது என்ற சட்ட நிலைமை உருவாகியிருந்தது.

மரகதவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை எடுத்தாள். அவளும் இத்தனை வருடத்தில் பத்திரம் வாசிக்கப் பழகியிருந்தாள்.

“கேட்டியளா? வடக்க உதரவிதானம்ன்னா தலையும் வடக்கயில்லா வருது?”

“படத்துல வடக்கு மேலதானே பிள்ளே.”

“படத்துல இருக்கட்டு. வடக்க தலை வெச்சு ஆராவது படுப்பாவளா? ஆப்பரேஷனுக்குப் போற ஆளு!”

ஆட்சேபணை நியாயமானது. தாணுலிங்கம் நான்கு எல்லையையும் அடித்தார். தலையைக் கிழக்கே திருப்பி வைத்துப் புதிதாக எழுதினார். மேற்கே இருந்த கல்லீரல் வடக்கே போயிற்று. மண்ணீரல் தெற்கே வந்தது. இரைப்பை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நடுவிலேயே இருந்தது, அதன் உடைமையாளரைப் போல.

மரகதவல்லி மேலே வாசித்தாள். பத்தாம் சரத்தில் அவள் விரல் நின்றது. கை பழக்கத்தில், ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதுவதை அதிலும் எழுதியிருந்தார்: ‘ஒருக்கால் எனக்கு மரணம் நேரிடும் பட்சத்தில், மேற்படி சொத்து என் பாரியாள் மரகதவல்லியைச் சென்று சேரும்.’

அவள் சிரிப்பாள் என்று தாணுலிங்கம் காத்திருந்தார். சிரிக்கவில்லை.

“இந்த வயித்தை வெச்சு நான் என்ன செய்யட்டு?” என்றாள்.

“அது சும்மா... எழுதுத வழக்கம்.”

“ஸ்லீவும் பலூனும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு மூச்சு நிக்கும்போ நான் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பதினஞ்சுக்குள்ள ஒரு சத்தத்தோட வந்திரும். சில நாளு இருவது. போன வாரம் ஒரு நாளு முப்பத்தி நாலு வரை போச்சு. முப்பதுக்கு மேல எண்ணுததுக்கு எனக்குத் தைரியம் பத்தாது, கேட்டியளா.”

தாணுலிங்கம் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“இதை எந்தச் சரத்துல எழுதுவியோ?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

பதினொன்று என்று எண் போட்டார். அதற்குப் பக்கத்தில் மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை. கோப்பில் இருபத்தேழு கேள்விகளோடு, வரிசை எண் இட்டு, டாக்டரின் முன்னால் உட்கார்ந்தார்.

“தீருமானிச்சோ சாரே?”

தாணுலிங்கம் கோப்பைத் திறந்தார். முதல் கேள்வி தையலைப் பற்றியது. இரண்டாவதும் தையலைப் பற்றியதுதான். சுந்தரதாஸின் சட்டையும் டீச்சரின் பாயசமும் கண்முன்னே வந்து ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. கோப்பை மூடினார்.

“டாக்டருக்க வீட்டுல ஒருத்தர் இப்பிடி இருந்தா, எது செய்வியோ?”

“பைபாஸ்,” என்றார் டாக்டர் யோசிக்காமல். “சாருக்கு ஷுகர் உண்டு, நெஞ்செரிச்சலும் உண்டு. ஸ்லீவ் செய்தா எரிச்சல் கூடும். பலூன் எடுத்தா எடை திரும்ப வரும். பைபாஸுக்கும் ஆபத்து உண்டு, மறைக்கல்லே. கசியலாம், ரத்தம் கட்டலாம். ஆயிரத்தில ஒண்ணு ரெண்டு பேருக்கு உயிரே போகலாம்.”

“ஒண்ணும் செய்யேல்லன்னா?”

“அதுக்கு இதைவிடக் கூடுதல் ஆபத்து. ஆனா அதுக்கு ஆரும் ஒப்புக் கேக்க மாட்டாங்க.”

இந்த வாக்கியம் தாணுலிங்கத்தைக் கலக்கியது. ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் ஒரு பத்திரமாக அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை. முத்திரை இல்லை, சாட்சி இல்லை, சரத்து இல்லை. வருடக்கணக்காக ஞானையன் கடையில் உட்கார்ந்து அவர் அதைத்தான் தவணை தவணையாகப் பதிவு செய்துகொண்டிருந்தாரா? அப்படியென்றால் பைபாஸ் சரியா? டீச்சர் எதற்கு வேண்டாம் என்றார்? தெளிவதற்குப் பதில் இன்னும் கலங்கியது.

நர்ஸ் ஜீனா பைபாஸுக்கான சம்மதக் காகிதத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். எட்டுப் பக்கம். பொடி எழுத்து.

“வாயிச்சு நோக்கிட்டு ஒப்புப் போட்டாப் போதும் சாரே. அவசரமில்ல, சாவகாசம் படிக்கலாம்.”

மரகதவல்லி வழக்கம்போல முக்கால் மணி நேரத்துக்குத் தயாராகி, பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். தாணுலிங்கம் கண்ணாடியை மாட்டினார். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரல் வைத்தார். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வெகு நாளாகவே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டார். எட்டாம் பக்கத்தில் நெருங்கிய உறவினர் கையெழுத்துக்கென்று ஒரு கோடு இருந்தது. காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

மரகதவல்லி குனிந்து பார்த்தாள்.

“என்ன எழுதியிருக்கு?”

“தெரியாது பிள்ளே,” என்றார் தாணுலிங்கம் தணிந்த குரலில். “நீ போடு.”