செவ்வாய்க்கிழமை மூடிய கடை

முனாப்பின் கயிற்றுக் கடைக்கு ஒன்பது பலகைகள். திருகோணமலைக் கடைத்தெருவில் அந்த வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கதவு. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்துவார்கள், பொழுதுபட்டதும் திரும்ப வாசல்நிலையின் காடியில் செருகுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முஸ்லிம் கடைகள் மூடினால் யாரும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. மற்ற நாட்களில், பட்டப்பகலில் ஒரு கடைக்காரன் பலகையில் கை வைத்தால் தெரு முழுக்கப் பார்க்கும்.

பார்க்கப் பழக்கியது ஐம்பத்தெட்டாம் ஆண்டுச் சிங்கள-தமிழ்க் கலவரம்தான். முனாப் அப்போது கிண்ணியாவிலிருந்து வந்து அதே கடையில் சம்பளத்துக்கு நின்றவன், இருபது வயது. எங்கோ ஒருவன் பலகை போட்டான், அடுத்தவன் போட்டான், கால்மணி நேரத்தில் தெருவில் ஈ காக்கை இல்லை. கல்லும் நெருப்பும் அதற்குப் பிறகுதான் வந்தன. பத்தொன்பது வருடம் கழித்து எழுபத்தேழிலும் அதே ஒழுங்கில்தான் நடந்தது. இப்போது எண்பதாம் ஆண்டு. மூன்று வருடமாகத் தெரு சிரிக்கிறது, கடன் சொல்கிறது, தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறது. ஆனால் பின்வீட்டில் ஒரு தகரம் விழுந்தாலும் எல்லாக் கண்ணும் பக்கத்துக் கடைப் பலகைக்குத்தான் போகும்.

அந்தப் பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருமகன் பாயிஸ் சைக்கிளில் வந்து இறங்கினான். உடம்பெல்லாம் வேர்வை.

"மாமா, நஜ்முனுக்கு ஏலாமப் போச்சு. பிள்ளை குறுக்க கிடக்காம். வெட்டவேண்டி வருமெண்டு டாக்குத்தர் சொல்றார். வாப்பாவைக் கூட்டிவாங்க எண்டு அழுறா."

நஜ்முன் நிஸா ஒரே மகள். உம்மா மவுத்தாகி ஆறு வருடம். தலைப்பிரசவத்துக்குக் கையைப் பிடிக்க வாப்பாவை விட்டால் ஆளில்லை. முனாப் கயிற்றுக் கட்டுகளை உள்ளே உதைத்துத் தள்ளினார், ஒன்பது பலகையையும் தடதடவென்று செருகினார், இரும்புச் சட்டத்தைப் போட்டுப் பூட்டினார், சைக்கிள் கரியரில் ஏறினார். "மிதி, மகன், மிதி!" யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் முடக்கு திரும்பும்போதே பின்னால் டொக், டொக் என்று கேட்டது. அவர் காதில் அது ஏறவில்லை. இரண்டாவது முடக்கில் நிலாவெளி பஸ் ஆட்களை ஏற்றாமலே புறப்பட்டது. ஒரு தாய் சீருடை போட்ட பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். இன்பமலர் ரீச்சர் பள்ளிக்கூடப் படலையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், என்ன நடக்குது?"

"தெரியாது. கடை எல்லாம் மூடுறாங்கள். ஆரோ கயிற்றுக் கடை நானாதான் முதல் மூடினவராம். அவருக்கு ஏதோ சேதி வந்திருக்குதாம்."

நானா என்றால் அண்ணன்; தெரு முனாப்பை அப்படித்தான் கூப்பிடும். சந்தியில் இந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர், அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். சிலர் கையில் பொல்லுத்தடி இருந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பத்தெட்டிலும் அப்படித்தான் நின்றார்கள்.

"மகன், நிப்பாட்டு."

"மாமா, ஆஸ்பத்திரி அங்க தெரியுது. இன்னும் அஞ்சு நிமிசம்!"

"நீ போ. வாப்பா வாறாரெண்டு சொல்லு. வந்திருவனெண்டு சொல்லு."

திரும்பி நடந்தார். நடக்க நடக்க நெஞ்சு மறுபக்கம் இழுத்தது. தெருவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. பூட்டைத் திறந்து முதலாம் பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். இரண்டாவது. மூன்றாவது.

எதிர்ச் சலூன் பலகை இடுக்கால் ஒரு குரல் வந்தது. தையல்காரன் சூசைப்பிள்ளை, பாலையூற்றுக்காரன், சவரத்துக்குப் போன இடத்தில் மாட்டுப்பட்டிருந்தான்.

"நானா! என்ன கதை? எங்க நெருப்புப் பத்துது?"

"ஒண்டும் பத்தேல்ல. மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, அதுதான் ஓடினனான்."

"பிள்ளை பிறக்கிறதுக்கு ஊரைச் சுடுகாடாக்குறதோ? எனக்குப் பாதி மூஞ்சி இன்னும் நுரை!"

"சொல்ல மறந்துபோச்சடா சூசை. பிழை என்னிலதான்."

நான்கைந்து கடைகளுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. ஒருவரும் பலகையைத் தொடவில்லை. அரிசிக் கடை றஊப் உள்ளே இருந்தபடியே சொன்னார்: "அப்பிடியெண்டால் நீங்கள் கடைக்குள்ள குந்தியிருங்கள் பாப்பம். ஒரு மணித்தியாலம் இருந்தால் நாங்களும் திறக்கிறம்."

ஒரு மணித்தியாலம். முனாப் கதிரையில் இருந்தார், எழும்பினார், திரும்ப இருந்தார். எழும்பிப் போனால் தெரு இன்னொருமுறை மூடும், இந்தமுறை அவர் சொல் எடுபடாது. இருந்தால் அங்கே மகள் அழுவாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

சலூன் பலகை இரண்டு கழன்றது. சிங்களச் சலூன்காரன் குணதாச வெளியே வந்தான், ஒரு கையில் சவரக்கத்தி, மறுகையில் நுரைக்கோப்பை. எழுபத்தேழில் பெண்சாதி பிள்ளைகளைப் பாதுகாப்புக்காகக் கந்தளாய்க்கு அனுப்பியவன், இன்னும் திருப்பிக் கூட்டிவரவில்லை. பின்னால் கழுத்தில் துணியோடு சூசைப்பிள்ளை.

"நானா போங்க," என்றான் குணதாச. "கடையில நாங்க இருக்கிறது. சூசை, அந்தக் கதிரையில இருங்க."

"றோட்டிலையோ? என்னையோ வழிக்கப்போறீர்?"

"உள்ளுக்கு இருட்டு. இங்க நல்ல வெளிச்சம்."

சூசைப்பிள்ளை ஒருகணம் கத்தியைப் பார்த்தான், பிறகு தெருவைப் பார்த்தான். முனாப்பின் கதிரையைக் கடைவாசலுக்கு இழுத்துப் போட்டு, இருந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டினான். "வெட்டிப்போடாதேயும் ஓய். ரெண்டு கலியாணச் சூட் தைக்கக் கிடக்குது."

"அப்ப கதைக்க வேணாம். கதைச்சா வெட்டும்."

கத்தி தாடையடியிலிருந்து மேலே ஏறியது. சர்ர்ர். அந்தச் சத்தம் தெருவின் கோடிவரை கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி. றஊப்பின் பலகை ஒன்று கழன்றது, தலை ஒன்று நீண்டது. யாரோ சிரித்தார்கள். "குணே, மீசையை விட்டிரு, சூசையின்ர பெண்சாதிக்கு ஆள் தெரியாமப் போகும்!"

முனாப் தெருவில் இறங்கினார். கால் ஓடு ஓடு என்றது. ஓடுகிற ஆளைக் கண்டால் சந்தியில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது இப்போது அவருக்குத் தெரியும். இடுப்புச் சாரத்தைச் சரிசெய்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். சந்தியில் பொல்லோடு நின்ற ஒருவனிடம் நேரம் கேட்டார். அவன் பொல்லைக் கக்கத்தில் இடுக்கி மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னான். "கடை திறந்திருக்குதோ, நானா?" "ஓம் தம்பி, திறந்துதான் கிடக்குது. கயிறு வேணுமோ?" அவன் பல்லைக் காட்டினான். மகள் உயிரோடு இருக்கிறாளோ என்று தெரியாமல், முனாப்பும் சிரித்துவிட்டு நடந்தார். அவர் வாழ்நாளில் நடந்த மிக நீளமான நடை அது. கிண்ணியாவிலிருந்து கால்நடையாய் வந்த நாட்களும் அதற்குக் கிட்ட நிற்காது.

ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் பாயிஸ் அழுதுகொண்டு நின்றான்.

"ரெண்டு பேரும் சுகம், மாமா. வெட்டேல்ல. கடைசி நேரம் பிள்ளை திரும்பிட்டுது. பொம்பிளைப் பிள்ளை."

உள்ளே நஜ்முன் நிஸா வாடிய கீரைபோல் கிடந்தாள். வாப்பாவின் கை தொட்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டனான். எங்க போனீங்க?"

"பாதி வழி வந்திட்டுத் திரும்பிப் போனனான், மகள். என்னைப் பொறுத்துக்கொள்ளு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நேர்ஸ்மார் கதைச்சாங்க. வெளியில திரும்பவும் தொடங்கிட்டுதாமே?"

முனாப் பேத்தியின் சுருட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு.

"இண்டைக்கு இல்லை," என்றார்.