உள்ளங்கையில் மூச்சு

டாக்டர் அதெலின் ரூவியே எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நோயாளியின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டுவார். நாடி பார்ப்பதெல்லாம் அப்புறம். பத்தொன்பது வருடம் அவருடைய பையைச் சுமந்துகொண்டு நான் இதைப் பார்த்திருக்கிறேன். பிரான்சில் எங்கள் மோர்வான் மலைப்பக்கத்துக்கு வந்த முதல் பெண் டாக்டர் அவர். "கைரேகை பாக்கச் சொல்லி நம்மகிட்டயே கையை நீட்டுறாங்க" என்று சந்தையில் சிரித்தார்கள்.

அவர் வந்த இரண்டாவது ஜனவரியில், தாயில்லாப் பிள்ளை மெலனிக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. வயது நான்கு. உதடு நீலமாகிவிட்டது.

"கழுத்தை அறுக்கப் போறீங்களா? அதுவும் பொம்பளையா?" என்றார் அவள் அப்பா, கொல்லர் பர்னபே.

"கால் மணி நேரத்துல மூச்சு நின்னுடும். அப்புறம் ஆம்பளை வந்து என்ன செய்யப் போறான்? புள்ள காலை அசையாமப் பிடிங்க."

கழுத்தில் கீறி வெள்ளிக் குழாயைச் செருகினார். ரத்தம் தெறித்தது, பிறகு குழாய் சீறியது. மெலனியின் கன்னம் மெல்லச் சிவந்தது.

மாவு ஆலையில் இன்னொரு பிள்ளைக்கும் அதே நோய். டாக்டரை அங்கே கூட்டிப்போக பர்னபே வண்டி பூட்டினார். கிளம்பும்போது டாக்டர் என்னிடம், "ரோசீன், அவ மூச்சு விடுறது இந்தக் குழாய் வழியாத்தான். எதுவும் மூடக் கூடாது" என்றார்.

நான் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். கோவில் பூசை முடிந்து, ஞானஸ்நானத்தில் மெலனியைக் கையில் ஏந்திய ஞானத்தாய் பெரோன் வந்தாள். எங்கள் ஊரில் பிள்ளைக்குத் தொண்டை நோவு என்றால், வாத்துக் கொழுப்பு தடவிய சிவப்புக் கம்பளியைக் கழுத்தில் கட்டுவது ஞானத்தாயின் உரிமை. திரும்பிப் பார்த்தபோது மூன்று சுற்று சுற்றி முடிச்சும் போட்டிருந்தாள். சத்தமே இல்லை. குழாய் வைத்த பிள்ளையால் அழ முடியாது. கண் மட்டும் பிதுங்கியது.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்றும் பேச்சு வரவில்லை. ஓடிப்போய்க் கம்பளியைப் பிய்த்தேன்.

"ஏய் ஊமைச்சி! இந்தக் குளிர்ல புள்ளையக் கொல்லப் பாக்குறியா?" கன்னத்தில் அறை விழுந்தது. மறுபடி கட்ட வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, குழாய்க்கு எதிரே விரித்து வைத்தேன்.

ஒன்றுமில்லை. பிறகு ஒரு சீறல். சூடான மூச்சு அவள் உள்ளங்கையில் பட்டது. பெரோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, நானே கொன்னிருப்பேனே!"

திரும்பி வந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தப்பு என்னோடது, பெரோன். இவகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனேன். கம்பளி கட்டுறது யாருன்னு கேட்டிருக்கணும்."

அதன்பின் குழாய் வைத்த வீட்டில் ஞானத்தாயை வரவழைத்து, அவள் உள்ளங்கையில் மூச்சைக் காட்டிவிட்டுத்தான் படியிறங்குவார்.

டாக்டர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மெலனி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கழுத்துத் தழும்பை மறைப்பதில்லை. பனி கொட்டினாலும் துணி சுற்றுவதில்லை.